கெட்டுப்போன சவர்டோ ஸ்டார்ட்டரைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது எப்படி?

சவர்டோ ரொட்டியைப் பொங்கவைக்க மாவும் தண்ணீரும் கலந்து வளர்க்கிற புளித்த கலவைதான் ஸ்டார்ட்டர். அது கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, ஜாடியை அப்படியே சிங்க்கில் கவிழ்த்து வெந்நீரைத் திறந்துவிடுவது. இரண்டாவது வேலை, நாற்றம் போகட்டும் என்று ப்ளீச்சை ஊற்றுவது. இந்த இரண்டையும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சவர்டோ ரொட்டிக்கு ஸ்டார்ட்டர் எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது கெட்டுப்போனால் எப்படி வெளியேற்றுவது என்பதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கெட்டுப்போன ஸ்டார்ட்டர் செத்த பொருள் அல்ல. அதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் வாயு வரும். அது கோதுமைப் பசை, அதனால் ஒட்டும், அடைக்கும். அது அமிலம், அதனால் சில ரசாயனங்களோடு சேரக்கூடாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறது.

படி 1: உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பாருங்கள்

குப்பையில் போகும் ஸ்டார்ட்டர்களில் கணிசமானவை நல்ல ஸ்டார்ட்டர்கள். வெறும் பசியில் கிடந்தவை. எனவே கையுறை மாட்டும் முன் ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள்.

மேலே தண்ணீர் மாதிரி ஒரு திரவம் நிற்கிறதா? தெளிவாகவோ, சாம்பல் நிறத்திலோ, சில சமயம் ஏறக்குறைய கறுப்பாகவோகூட இருக்கும். அது ஈஸ்ட் உண்டாக்கிய சாராயம் கலந்த நீர். சாப்பாடு தீர்ந்துபோய்ப் பல நாள் ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். வடித்துவிட்டோ கலக்கிவிட்டோ மாவும் தண்ணீரும் கொடுத்தால் மீண்டுவிடும்.

நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலக் குப்பென்று வாசனை வருகிறதா? அதுவும் பசிதான். இரண்டு மூன்று முறை தாராளமாக ஊட்டினால் வாசனை மாறிவிடும். ஊட்டும்போது பழையதைக் கொஞ்சமாகவும் புது மாவை அதிகமாகவும் எடுங்கள். ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஐந்து பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர் என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும்.

புதிதாக ஆரம்பித்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று பொங்கி, சாக்கடை போல நாறுகிறதா? புதியவர்கள் அதிகம் பயப்படுகிற இடம் இது. மாவும் தண்ணீரும் மட்டும் கலந்த கலவையில் முதல் சில நாட்கள் இன்னும் போதுமான அமிலம் சேர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் வேறு பாக்டீரியாக்கள் கூட்டமாகப் பெருகி வாயுவை விடும், நாற்றத்தையும் விடும். அமிலம் ஏற ஏற அவை அடங்கிப்போய், லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் புளித்த ஸ்டார்ட்டரின் பி.எச். (அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அந்த நிலைக்குப் போகும் வழியில் இந்த நாற்றம் ஒரு கட்டம். தொடர்ந்து ஊட்டுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். ஆனால் அதுவரை அதை ருசி பார்க்காதீர்கள்.

மேல்பரப்பு காய்ந்து சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ ஆடை கட்டியிருப்பதும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. முழுக்கோதுமை மாவாக இருந்தால் தவிட்டுத் துணுக்குகள் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும், அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, எதைக் கண்டால் தூக்கிப் போட வேண்டும்?

பஞ்சு போல, மயிர் போல எழும்பி நிற்கிற எதுவானாலும் பூஞ்சணம். வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு என்று எந்த நிறமாகவும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஜாடியைத் திறக்காமலே, ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மேல்பரப்பைப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழும்போது தட்டையாகத் தெரிந்த புள்ளி, சாய்ந்த வெளிச்சத்தில் வெல்வெட் துணி போல மெல்லிய நார்களோடு நிற்கும். அப்படி நின்றால் முடிந்தது. மாறாக, வெள்ளையாகத் தட்டையான ஆடை சுருக்கம் விழுந்தாற்போல் படர்ந்திருந்து, நார் எதுவும் இல்லையென்றால் அது ஒருவகைக் காட்டு ஈஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அது பூஞ்சணம் அல்ல. அனுபவம் உள்ளவர்கள் அதை எடுத்துவிட்டு அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மீட்பார்கள். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களுக்கு இன்னும் கண் பழகவில்லை என்றால், தூக்கிப் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. உள்ளே இருப்பது மாவும் தண்ணீரும்தான்.

இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் கோடோ திட்டோ தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். அமிலச் சூழல் தோற்றுப்போய், வரக்கூடாத பாக்டீரியா வந்துவிட்டது என்று அர்த்தம். ஊட்டி மீட்கலாம் என்ற ஆசையே கூடாது.

அழுகிய இறைச்சி போன்ற நாற்றம் பல நாட்களாக ஊட்டியும் போகவில்லை, பூச்சியோ புழுவோ விழுந்திருக்கிறது, ஜாடியில் விரிசல் விட்டுக் கண்ணாடிச் சில் உள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகம். இந்த மூன்றுக்கும் அதே தீர்ப்புதான்.

மேலே இருக்கும் பூஞ்சணத்தை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டு அடியில் உள்ளதைப் பயன்படுத்தலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு, பூஞ்சையின் ஒரு பகுதி மட்டுமே. அதன் நூல்கள் ஏற்கெனவே ஈரமான, மென்மையான மாவுக்குள் இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு அடுப்பின் சூட்டிலும் முழுதாக அழிவதில்லை. அதனால் ‘எப்படியும் சுடத்தானே போகிறோம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

படி 2: கை வைக்கும் முன்

கெட்டது உறுதியானதும் ஜாடியைக் கலக்காதீர்கள், குலுக்காதீர்கள், மூக்கை உள்ளே விட்டு முகராதீர்கள். பூஞ்சணத்தின் வித்துகள் தூசியை விட நுண்ணியவை. ஒரு சின்ன அசைவு போதும், சமையலறை முழுக்கப் பரவும். பக்கத்தில் வேறு ஸ்டார்ட்டரோ, புளிக்க வைத்த வேறு எதுவோ, ஆறவைத்த ரொட்டியோ இருந்தால் முதலில் அவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆஸ்துமா, பூஞ்சை ஒவ்வாமை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு ஜோடிக் கையுறை போதும். பூஞ்சணம் நிறைய என்றால் என்95 முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: இரண்டு பிளாஸ்டிக் பைகள், பழைய செய்தித்தாள், காகிதத் துண்டுகள், தூக்கிப் போடக்கூடிய ஒரு கரண்டி அல்லது தடித்த அட்டைத் துண்டு, கொஞ்சம் உப்பு. மாவை உறிஞ்ச ஏதாவது வேண்டும். மரத்தூள், பூனைக்குப் போடும் மணல், காலாவதியான மாவு, கிழித்த செய்தித்தாள் என எது இருந்தாலும் சரி.

படி 3: ஜாடியைத் திறப்பது

மூடி தளர்வாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். இறுக்கித் திருகிய மூடி, அல்லது ரப்பர் வளையத்தோடு கம்பி போட்டுப் பூட்டுகிற ஜாடி என்றால் கவனம் வேண்டும்.

ஈஸ்ட் 1 கிராம் சர்க்கரையை முழுதாகச் சாராயமாக மாற்றினால் ஏறக்குறைய கால் லிட்டர் கரியமில வாயு வெளிவரும். அரைக் கிலோ ஜாடிக்குள் மேலே எவ்வளவு காலி இடம் இருந்துவிடப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஜாடி திறக்கும்போது பீய்ச்சி அடிக்கலாம். கண்ணாடியில் முன்பே ஒரு கீறல் இருந்தால் வெடிக்கவும் செய்யலாம்.

வெளியில் இருந்த ஜாடி என்றால் முதலில் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் மந்தமாகும். கரியமில வாயுவும் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும், உள்ளழுத்தம் குறையும். பிறகு தடித்த துண்டு ஒன்றை ஜாடி முழுக்கச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருப்புங்கள். ‘ஸ்ஸ்’ சத்தம் முழுதாக அடங்கும் வரை அப்படியே பிடித்திருங்கள். அடங்கிய பிறகுதான் அடுத்த திருகு.

ஜாடியில் விரிசல் விட்டிருந்தாலோ, மூடி மேல்நோக்கிப் புடைத்திருந்தாலோ திறக்கவே முயலாதீர்கள். துண்டோடு சேர்த்து ஒரு வாளிக்குள் வைத்துக் குளிரூட்டி, செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி அப்படியே குப்பைக்கு அனுப்புங்கள். ஒரு ஜாடியின் விலைக்காகக் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். குப்பை எடுப்பவரின் கையும் அதேபோல்தான்.

படி 4: கெட்டியாக்கிப் பையில் போடுவது

முக்கியமான படி இதுதான். மூடியைத் திறந்ததும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஒரு காகிதத் துண்டைப் பூஞ்சணத்தின் மேல் மெதுவாக விரித்து மூடுங்கள். வித்துகள் பறக்காமல் அது பிடித்துக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சித் தெளிக்காதீர்கள், தெளிக்கிற வேகமே வித்துகளைக் கிளப்பிவிடும்.

ஒரு பையை இன்னொரு பைக்குள் போட்டு வாயை விரித்து, ஒரு கிண்ணத்திலோ வாளியிலோ நிறுத்திவையுங்கள். அடியில் உறிஞ்சும் பொருளை இரண்டு விரல் உயரத்துக்குப் போடுங்கள். ஜாடியின் வாயைப் பைக்குள்ளேயே விட்டுக் கவிழ்த்து, அட்டைத் துண்டால் வழித்துத் தள்ளுங்கள். ஓரங்களில் ஒட்டியிருப்பதையும் முடிந்தவரை வழியுங்கள். இங்கே நீங்கள் வழிக்கிற ஒவ்வொரு கரண்டியும் பிறகு உங்கள் குழாய்க்குள் போகாமல் தப்பிக்கிற ஒரு கரண்டி.

அடுத்து உப்பு. 100 கிராம் ஸ்டார்ட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் தூவுங்கள். அந்த அளவு உப்பில் ஈஸ்ட் ஏறக்குறைய ஓய்ந்துவிடும், வாயு வருவது வெகுவாகக் குறையும். அதன் மேல் உறிஞ்சும் பொருளை மறுபடி போட்டு, பைக்கு வெளியிலிருந்தே கையால் மெல்லப் பிசையுங்கள். ஊற்றினால் ஓடாத பதம், கட்டியாக நிற்கிற பதம் வந்தால் போதும். அட்டை, நனைந்த காகிதம், ஜாடியை மூடியிருந்த துணி எல்லாவற்றையும் அதே பையில் போட்டுவிடுங்கள்.

பையைக் கட்டும்போது ஒரு விஷயம். காற்று நெருக்கமாக அடைத்து, பலூன் போல இறுக்கிக் கட்டாதீர்கள். பையில் முக்கால்வாசி காலியாக, தளர்வாக விட்டு, மேலே முடிச்சுப் போடுங்கள். கொஞ்சநஞ்சம் வாயு வந்தாலும் விரிய இடம் இருக்கும். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றவும் வேண்டாம், வித்துகள் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் குப்பையில் போடுவது சுத்தமான வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கோடைக்காலத்தில் காலையில் போட்ட டப்பா சாயங்காலம் பார்த்தபோது நான்கு பக்கமும் உப்பி, மூடியின் ஒரு மூலை எழும்பி, அந்த இடுக்கில் நுரை குமிழிட்டு வழிந்துகொண்டிருந்தது. தொட்டியின் அடி வரைக்கும் பசை இறங்கியிருந்தது. உப்பும் உறிஞ்சும் பொருளும் சேர்க்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது.

குப்பை எடுக்க இன்னும் சில நாள் ஆகுமென்றால், கட்டிய பையை இன்னொரு உறையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். உறைந்த மாவு வாயு விடாது, நாறாது. உறைபனி பூஞ்சையைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் மறக்காமல் குப்பை எடுக்கும் நாளன்று வெளியே எடுத்துவிடுங்கள். உறையின் மேல் ‘குப்பை’ என்று எழுதி வைப்பது நல்லது. யாரேனும் அதை நல்ல மாவு என்று எடுத்துவிடக்கூடாது.

நாய் இருக்கிற வீடுகளுக்கு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பச்சை மாவும் ஸ்டார்ட்டரும் நாய்க்கு ஆபத்து. நாயின் வயிறு வெதுவெதுப்பான, ஈரமான இடம், ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மாவு உள்ளே பொங்கி வயிற்றை உப்பவைக்கும். கூடவே உருவாகும் சாராயம் ரத்தத்தில் கலந்து போதையும் தள்ளாட்டமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பூஞ்சணம் பிடித்தது என்றால் அந்த நச்சும் சேர்ந்துகொள்ளும். புளிப்பு வாசனை நாயை விரட்டாது, இழுக்கும்.

எனவே பையை மூடி உள்ள தொட்டியில், நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மேலே சொன்ன உப்பு நாய்க்குக் கூடுதல் கெடுதல், அதையும் நினைவில் வையுங்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்ற இரண்டும் அவருக்கு உடனே தேவைப்படும். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்.

குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பூஞ்சணம் ஒருபுறம் இருக்கட்டும், பச்சை மாவே கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. 2016-ல் அமெரிக்காவில் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை பாக்டீரியாத் தொற்றில் 60-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நல்ல, புளித்த ஸ்டார்ட்டரில் அமிலம் ஓரளவு காவல் நிற்கும். கெட்டுப்போனதில் அந்தக் காவல் இருக்கிறதா என்று உங்களால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

படி 5: ஜாடியைக் கழுவுவது

முதல் விதி, குளிர்ந்த நீர். கோதுமை ஸ்டார்ச் 60 டிகிரி செல்சியஸ் அளவில் நீரைக் குடித்து வீங்கி, கஞ்சிப் பசையாகிவிடும். சூட்டில் கோதுமைப் புரதமான குளூட்டனும் இறுகி ரப்பர் போல ஆகும். வெந்நீர் ஊற்றினால் நீங்கள் கழுவவில்லை, பசை காய்ச்சுகிறீர்கள். அது ஜாடியில் ஒட்டினால் சுரண்டிவிடலாம். குழாயின் வளைவில் போய் ஒட்டினால்?

ஒருமுறை என் சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றபோது, குழாய் வேலை செய்பவர் அடியில் இருந்த வளைவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிறக் கயிறு ஒன்று. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. பல மாதங்களாகக் கழுவிவிட்ட மிச்ச ஸ்டார்ட்டர்தான் அது. தலைமுடியையும் எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொண்டு அப்படி ஒரு உருவம் எடுத்திருந்தது.

ஆகவே, வழித்த பிறகும் ஜாடியில் ஒட்டியிருப்பதைக் காகிதத் துண்டால் துடைத்துப் பையில் போடுங்கள். காய்ந்து பாறையாகிவிட்டது என்றால் குளிர்ந்த நீர் ஊற்றிச் சில மணி நேரம் ஊறவையுங்கள். இளகியதும் மறுபடி காகிதத்தால் துடையுங்கள். ஊறிய நீரைத் தேநீர் வடிகட்டி வழியாகவோ, காகிதம் போட்டோ வடித்து, திப்பியைக் குப்பையிலும் கலங்கல் நீரை மட்டும் நிறையத் தண்ணீரோடு சிங்க்கிலும் விடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள். ஒருமுறை தொட்டால் அந்த ஸ்பாஞ்சும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

மாவுப் பசை எல்லாம் போனபிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும். கடைசியாகக் கிருமி நீக்கம். கண்ணாடி ஜாடியைப் பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அடுப்பில் ஏற்றி, நீர் கொதித்த பிறகு 10 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த ஜாடியில் நேராகக் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் உச்சச் சூட்டுச் சுற்றும் போதும்.

ப்ளீச் பயன்படுத்துவதாக இருந்தால் இங்கேதான், இந்த இடத்தில் மட்டும்தான். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு ப்ளீச் 15 மில்லி, தண்ணீர் 4 லிட்டர். சில நிமிடம் ஊறவைத்துக் காற்றில் உலரவிடுங்கள். மாவு உள்ள ஜாடியில் ப்ளீச்சை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் நிறைந்த பொருள், ப்ளீச் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயை எரிக்கிற நஞ்சு அது. அதே காரணத்தால் வினிகர் ஊற்றிக் கழுவிய ஜாடியிலும் நன்றாக அலசாமல் ப்ளீச் கூடாது. ‘கெட்டது, எனவே கடுமையான மருந்து போடுவோம்’ என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் இந்த வேலை முழுவதிலும் மிக ஆபத்தான தவறு இதுதான்.

ரப்பர் வளையத்தை மறக்காதீர்கள். கம்பி போட்ட ஜாடியில் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் அதன் உள்பள்ளத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஜாடியை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அங்கிருந்துதான் அடுத்த ஸ்டார்ட்டருக்கும் பூஞ்சணம் வரும். சிலிகான் வளையம் என்றால் கொதிக்கவைக்கலாம், கறை போகாவிட்டால் மாற்றிவிடுங்கள். மரக்கரண்டி, கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பா, துருப்பிடித்த மூடி ஆகியவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

ஏற்கெனவே சிங்க்கில் ஊற்றிவிட்டீர்களா?

வெந்நீர் வேண்டாம், அடைப்பு நீக்கும் ரசாயனமும் வேண்டாம். உடனே என்றால், குளிர்ந்த நீரை வேகமாகப் பல நிமிடம் ஓடவிடுங்கள், மாவு கரைந்து போய்விட வாய்ப்பு உண்டு. தண்ணீர் தேங்கினால் ரப்பர் உறிஞ்சியால் அழுத்தி இழுங்கள். அதுவும் உதவவில்லையென்றால் அடியில் வாளியை வைத்து, வளைவுக் குழாயைக் கழற்றிக் கையால் எடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. கழிப்பறையில் ஊற்றுவதும் இதே கதைதான், அங்கே அடைத்தால் கழற்றக்கூட வழியில்லை. கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் மாவு அடியில் படிந்து தொட்டியை வேகமாக நிரப்பும். சிங்க்கில் பொருத்திய கழிவு அரைக்கும் இயந்திரமும் உதவாது. அது மாவை இன்னும் நைசாகப் பசையாக்கித்தான் அனுப்பும்.

உரக்குழியில் போடலாமா?

போடலாம், ஆனால் உப்பு சேர்க்காததை மட்டும். உரக்குழி இருப்பவர்கள் படி 4-ல் உப்பையும் பிளாஸ்டிக்கையும் பூனை மணலையும் விட்டுவிட்டு, கிழித்த காகிதமோ காய்ந்த இலையோ மட்டும் கலந்துகொள்ளுங்கள். பூஞ்சை உரக்குழிக்கு அந்நியம் அல்ல, அங்கே மக்கவைக்கும் வேலையைச் செய்பவற்றில் அதுவும் ஒன்று. சிக்கல் ஸ்டார்ட்டரின் பசைத்தன்மையில்தான். மொத்தமாக ஒரே இடத்தில் ஊற்றினால் காற்றுப் போகாத களிமண் கட்டி போல உட்கார்ந்து, புளித்து நாறும், எலியையும் அழைத்துவரும். குவியலின் நடுவில் குழி செய்து, இலைகளோடு பரப்பி, மேலே ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்ததைப் போட்டு மூடுங்கள்.

நன்றாகச் சூடேறுகிற குவியல், அதாவது நடுவில் 55 டிகிரிக்கு மேல் போகிற குவியல் என்றால் கவலையில்லை. சூடேறாத சின்னத் தொட்டி என்றால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு கண்ட ஸ்டார்ட்டரை அதில் போடாமல் குப்பைக்கே அனுப்புவது என் வழக்கம். மண்புழுத் தொட்டியிலும் வேண்டாம். மண்புழுவுக்கு அமிலம் ஒத்துக்கொள்ளாது.

மறுபடி ஆரம்பிக்கும் முன்

கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் ஜாடியின் ஓரத்தில்தான் இருக்கும். ஊட்டும்போது சுவரில் தெறித்துக் காய்ந்துபோன மாவுக்கு உள்ளே இருக்கும் அமிலத்தின் காவல் கிடையாது, பூஞ்சணம் முதலில் அங்கே இறங்கும். அதனால் ஊட்டிய பிறகு ஒவ்வொரு முறையும் சுவரை வழித்துவிடுங்கள், வாரம் ஒருமுறை சுத்தமான ஜாடிக்கு மாற்றுங்கள். கரண்டி ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கட்டும். தினமும் ஊட்ட முடியாதவர்கள், ஊட்டி ஒரு மணி நேரம் கழித்து 4 டிகிரி அளவில் ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். மூடியை இறுக்காதீர்கள். பழைய ஸ்டார்ட்டருக்கு வாங்கிய மாவு மிச்சம் இருந்தால், அதில் வண்டோ கட்டியோ பூசண வாசனையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெல்ஜியத்தின் சாங்க்ட் வித் நகரில் 2013 முதல் சவர்டோ நூலகம் ஒன்று இயங்குகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஸ்டார்ட்டர்களை அங்கே குளிரூட்டிகளில் பாதுகாத்து, தவறாமல் ஊட்டி வருகிறார்கள். ஒரு ஸ்டார்ட்டர் போனால் அதே குணத்தோடு இன்னொன்று கிடைப்பது எளிதல்ல என்று தெரிந்தவர்கள் அவர்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது, நல்ல நிலையில் இருக்கும்போதே கொஞ்சம் காயவைத்து எடுத்துவைப்பது. பொங்கி உச்சத்தில் நிற்கும் ஸ்டார்ட்டரில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, பேக்கிங் காகிதத்தில் கண்ணாடி போல மெல்லிசாகத் தடவுங்கள். மெல்லிய துணி போட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டால் முறுமுறுப்பாகக் காய்ந்து, மடக்கினால் ‘பட்’டென்று உடையும். வளைந்தால் இன்னும் காயவில்லை. உடைத்து, ஈரமில்லாத குப்பியில் போட்டு, தேதி எழுதி இருட்டான இடத்தில் வையுங்கள். தேவைப்படும் நாளில் 10 கிராம் செதிலை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, 10 கிராம் மாவு சேர்த்துக் கலக்குங்கள். முதல் நாள் அசையாமல் கிடந்தாலும் தினமும் ஊட்டிக்கொண்டிருங்கள். சில நாட்களில் குமிழி விடத் தொடங்கும்.